இரண்டு நாட்டுக்காரி

நவம்பர் 12, 2023. பேர்கன், நோர்வே

யாழ்ப்பாணத்திலிருந்து நேற்றுத் திரும்பினேன். பெட்டி இன்னும் விறாந்தையில் கிடக்கிறது, பிரிக்க மனமில்லை. வெளியே வழக்கம்போல மழை. இந்த ஊருக்கு வேறு வேலை தெரியாது.

பவளத்தைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். என் ஒரே தங்கை. ஐம்பத்து நாலு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்குத்தர்மார் சொன்னார்கள். ஆனாலும் கோழி வளர்ப்பாள், முற்றம் கூட்டுவாள், பிடிக்காத ஆட்கள் வந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவாள். போன வருடம் அம்மா செத்ததிலிருந்து அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். பக்கத்து வீட்டு றோசலீன்தான் சமைத்துக் கொடுத்து இரவில் வந்து துணைக்குப் படுக்கிறாள். அந்த றோசலீனும் அடுத்த வருடக் கடைசியில் மகளோடு இருக்க வவுனியாவுக்குப் போகப் போகிறாள். பவளத்தை நோர்வேக்குக் கூப்பிட இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். வளர்ந்த சகோதரியைக் கூப்பிட இங்கே சட்டத்தில் இடமில்லையாம்.

நான் போனால் சுற்றுலாப் பயணி. பிறந்த வீட்டுக்கு விசா எடுத்துக்கொண்டு போகிறேன். விசா முடிகிற நாள் நெருங்கினால் பவளம் எப்படியோ கண்டுபிடித்துச் சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். இந்த முறை ஒரு படி மேலே போய், விமான நிலையத்துக்குப் போகிற வானுக்கு முன்னால் படுத்துவிட்டாள். றோசலீனும் டிரைவரும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். நான் வானுக்குள் இருந்து அதைப் பார்த்தேன்.

இன்னொரு முறை அப்படிப் பார்க்க மாட்டேன். இலங்கைக் குடியுரிமையைத் திரும்பக் கேட்கப் போகிறேன். நோர்வேயும் இப்போது இரண்டு வைத்திருக்க விடுகிறது. றோசலீன் வவுனியாவுக்குப் போக முன்னம் நான் அந்த வீட்டில் இருக்க வேண்டும், திரும்பி வராத இருப்பாக.

நவம்பர் 14

இவரிடம், என் மனுசனிடம், சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அதுவே பெரிய விசயம்.

"ஆரிட்டைக் கேக்கப் போறீர்?"

"அரசாங்கத்திட்டைத்தான். வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

"ஞானத்தைக் கொண்டுபோனவங்களிட்டை."

ஞானகுமார் இவருடைய தம்பி. எண்பத்தாறாம் ஆண்டு ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பஸில் இடம் கிடைத்த கடிதம் வந்த கிழமை அது. பிறகு ஆள் இல்லை, உடலும் இல்லை. படம் எங்கள் சாமியறையில் இருக்கிறது. இவர் அந்தப் படத்துக்குப் பூ வைக்க விடமாட்டார். பூ வைத்தால் செத்தவர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

"நீர் போறதெண்டாப் போம். நான் மறிக்க மாட்டன். ஆனா நான் அவங்களிட்டை ஒண்டும் கேட்டு வாங்க மாட்டன்" என்றார்.

முப்பது வருடம் பேருந்து ஓட்டின மனுசன். சிவப்பு விளக்கு என்றால் சிவப்பு விளக்குத்தான். நானும் கெஞ்சவில்லை. இவர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. நான் போவது பவளத்துக்காக.

நவம்பர் 26

தேவையான பத்திரங்கள்: பிறப்பு அத்தாட்சி, கலியாண அத்தாட்சி, நோர்வேப் பொலிஸின் நற்சான்று, பழைய இலங்கைக் கடவுச்சீட்டு.

கடைசியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். என் பழைய கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எண்பத்தெட்டில் விமானத்தின் கழிவறையில் வைத்துத் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். ஏஜென்சிக்காரன் அப்படித்தான் சொல்லி அனுப்பினான். கையில் பாஸ்போட் இருந்தால் அடுத்த விமானத்திலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான். அந்த வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெடியன்கள் அதே வேலைக்காக நின்றார்கள். அட்டை கிழியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

நாடு நாடாக வந்து சேர்ந்த எங்களுடைய ஆட்களில் பாதிப் பேரின் கடவுச்சீட்டு இப்படித்தான் போயிருக்கும். இப்போது அதைக் கொண்டுவா என்றால் எங்கே போவது?

டிசம்பர் 3

மகள் ஆரணி வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டாள்.

"வீடு மாறேக்கை துலைஞ்சு போச்செண்டு எழுதுங்கோ, அம்மா. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுகினமாம்."

"ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"நம்ப வேண்டிய தேவையில்லை. ஒரு காரணம் இருந்தாக் காணும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து இவரின் குரல் வந்தது: "உண்மையை எழுதச் சொல்லு பாப்பம். உங்களுக்குப் பயந்து கிழிச்சனான் எண்டு எழுதிப்போட்டுக் குடியுரிமையும் கேக்கட்டும்."

நக்கல்தான். ஆனால் அது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

டிசம்பர் 4

உண்மையைத்தான் எழுதுவேன். இந்த வயதில் புதிதாகப் பொய் பழக வேண்டுமா?

டிசம்பர் 17

கலியாண அத்தாட்சியைத் தேடி இரண்டு கிழமையாக வீட்டைப் புரட்டினேன். இன்று காலை அது குசினி மேசையில், கோப்பிப் போத்தலுக்குக் கீழே இருக்கிறது. இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்" என்றார். எலி கொண்டுவந்து வைத்திருக்கும்.

எங்களுடைய எழுத்து, அதாவது பதிவு, கலியாணத்துக்கு எட்டு மாதம் முன்பே நடந்தது. எழுதின பிறகும் தாலி கட்டும் வரை இவர் வீட்டுப்படி ஏறக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சட்டப்படி புருசன், ஆனால் வாசல் படலையடியில் நின்று கதைத்துவிட்டுப் போவார். சைக்கிளை விட்டு இறங்கவும் மாட்டார். அந்தத் தாளில் இருக்கிற கையெழுத்து இப்போதையதை விட வடிவாக இருக்கிறது.

ஜனவரி 9, 2024

பிறப்பு அத்தாட்சியின் புதிய பிரதி தபாலில் வந்தது. அதை எடுத்து அனுப்ப நான் இன்னும் ஆளைப் பிடிக்கவே இல்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் இவருடன் படித்த சிநேகிதர், கச்சேரியில், அதாவது அரச அதிபர் அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் சண்டை பிடிக்க வேண்டிவரும்.

ஜனவரி 21

முதியோர் இல்லக் குசினியில் என்னுடைய கடைசிக் கிழமை இது. ஓய்வூதியம் எழுதியாயிற்று. அவர்கள் கேக் வெட்டினார்கள். நாட்டுக்குத் திரும்பிப் போகிறாயா என்று ஒரு பெடிச்சி கேட்டாள். "போகிறேன், என் மனுசன் இங்கேதான் இருப்பார்" என்று சொல்லும்போது குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது. தடிமன் பிடித்திருக்கிறது போல.

பெப்ரவரி 20. ஒஸ்லோ

தூதரகத்தில் இன்று விண்ணப்பம் கொடுக்கும் நாள். இவர் கூட வந்தார். இரண்டு பேராகப் போனால் ரயிலில் பேச்சுத்துணை என்றார். ஏழு மணித்தியாலமும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"உள்ளை வாங்கோ, பனி கொட்டுது."

"உது அவங்கட நிலம். நான் கால் வைக்க மாட்டன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. உள்ளை கீற்றர் இருக்கும்."

"நீர் போம்."

உள்ளே ஓர் இளம் அதிகாரி. சிங்களவர், என் மகளின் வயதிருக்கும். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண் உதவிக்கு இருந்தாள். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர் என் கடிதத்தில் நின்றுவிட்டார். நான் ஆங்கிலத்தில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன்: எனது கடவுச்சீட்டை நானே விமானத்தில் கிழித்தேன். பயத்தில் கிழித்தேன்.

அவர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "என்ன பயம் எண்டு கேக்கிறார், அன்ரி. விருப்பமில்லையெண்டால் சொல்லத் தேவையில்லை."

"அதிலை என்ர பேரும் ஊரும் இருந்தது பிள்ளை. அந்தக் காலத்திலை ஒருத்தரைப் பிடிச்சுக்கொண்டு போக அது ரெண்டும் காணும்."

அவள் அதை மொழிபெயர்த்ததும் அவர் என் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தார். இவ்வளவுதான், முடிந்தது, பவளத்துக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். அந்த அதிகாரிப் பெடியன் பேனையை எடுத்து ஓரத்தில் எதையோ எழுதினான். பிறகு பழைய அடையாள அட்டையின் பிரதி இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்புவோம், மாதக்கணக்காகும் என்றான். நான் எழும்பும்போது, அந்தத் தமிழ்ப் பெண் கூப்பிட்ட மாதிரியே, "தேங்க் யூ, அன்ரி" என்றான்.

வெளியே இவர் மீசையில் பனியோடு நின்றார். மூக்கு சிவந்திருந்தது. "என்னவாம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிறகு ஒரு கடையில் கோப்பி வாங்கித் தந்தார். பாதி கோப்பியை மேசையில் சிந்தினார். குளிரில்தான்.

மே 2

கொழும்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மே 19

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி. பவளத்துக்கு இந்த வருடம் கோழிகள் கூடிவிட்டன. ஒரு சேவல் றோசலீனைக் கொத்திவிட்டதாம், சேவல் பக்கம்தான் நியாயமாம். எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அவள் ஒருநாளும் கேட்பதில்லை. வந்தால் திரும்பிப் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

றோசலீன் போனை வாங்கினாள். "மகள் நாள் குறிச்சிட்டாள், அக்கா. மார்கழிக்கு அங்காலை என்னாலை ஏலாது. நான் வாய் திறந்து சொல்லேல்லை, ஆனா பவளத்துக்கு விளங்கிட்டுது. என்ர பாயை எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறாள்."

யூன் 30

இவர் சமையல் பழகுகிறார். நான் கேட்காமலே சோறு வடித்தார். கஞ்சியை விட்டுவிட்டுச் சோற்றை வடித்துக் கொட்டியிருப்பார், நல்ல காலம் நான் போனேன். பருப்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினார். தனியே இருக்கத் தயாராகிறார். நல்லது. அதுதானே தேவை.

சாப்பிட்டுவிட்டு நான்தான் சட்டி கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

ஆகஸ்ட் 22

கிடைத்துவிட்டது. தூதரகத்திலிருந்து கடிதம். செப்டெம்பரில் வந்து சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும்.

குசினியில் நின்று சத்தமாக வாசித்தேன். இவர் எழும்பிப் போய்ச் சாமியறைக் கதவைச் சாத்தினார். ஞானத்துக்குக் கேட்கக் கூடாதாம்.

செப்டெம்பர் 5

சத்தியப்பிரமாணத்தைப் பாடமாக்க வேண்டியதில்லை, அங்கே தாளைப் பார்த்து வாசிக்கலாம். இருந்தாலும் தடுக்காமல் வாசிக்க வேண்டுமென்று மிளகாய் வறுத்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். இலங்கைக் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன். சொன்னால் இருமல் வருகிறது. இவரும் இருமினார். மிளகாய்.

ஆரணி தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு அந்த வசனம் சொல்லக் கோவம் வரேல்லையோ?"

"வருது. சொல்லிப்போட்டு அங்கை போய்க் கோவமா இருப்பன். ஊரிலை இருந்து கோவிக்கவும் ஒரு உரிமை வேணும் பிள்ளை."

"அப்பாவை விட்டுட்டு எப்பிடி அம்மா இருக்கப் போறியள்?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 18

முடிந்தது. தடுக்கவில்லை. இவர் இந்த முறையும் வெளியே நின்றார். பனி இல்லாதபடியால் தப்பினார்.

ஒக்டோபர் 27. யாழ்ப்பாணம்

கொழும்பில் குடிவரவு வரிசையில் பழக்கத்தில் வெளிநாட்டவர் பக்கம் போய் நின்றுவிட்டேன். பிறகு நினைவு வந்து மாறினேன்.

விடைபெறும்போது பேர்கன் விமான நிலையத்தில் இவர் என் கைப்பையின் சிப் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. கதைத்திருக்கலாம்.

பவளம் என்னைப் பார்த்துவிட்டு முதலில் கோழிகளை அடைத்தாள். பிறகு வந்து பக்கத்தில் இருந்தாள்.

நவம்பர் 20

பவளத்துக்கு நாள் கணக்கு எப்படித் தெரிகிறதோ தெரியவில்லை. வழமையாக நான் புறப்படுகிற நாள் நெருங்குகிறது. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "நான் போகமாட்டன், பவளம், இனி நான் இஞ்சைதான்" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள் என்றாள். ஆசுப்பத்திரிக்குப் போகும்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் அம்மா. இவளிடம் சான்றிதழைக் காட்டி என்ன செய்ய?

நவம்பர் 24

அவளுக்குத் தெரிந்த அந்த நாள் இன்று. காலையில் எழும்பி வாசலில் குந்தியிருந்தாள், வான் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தேன். மீன்காரன் வந்தான், பேரம் பேசி வாங்கினேன். மத்தியானம் சமைத்து வைத்தேன், அவள் வரவில்லை. பின்னேரம் மழை இருட்டியது. அவள் உள்ளே வந்து, "வான் வரேல்லை" என்றாள்.

"வராது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வராது."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பானையைத் திறந்து, ஆறிய சோற்றையும் மீன் குழம்பையும் சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு ஒரு துண்டு மீன் மிஞ்சவில்லை. இவ்வளவு காலம் அலைந்தது இந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான். நான் நன்றாக அழுதேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முள் எடுப்பதில் கவனமாக இருந்தாள்.

டிசம்பர் 15

றோசலீன் வவுனியா போனாள். பவளம் பாயைத் தானாகவே எடுத்துக் கொடுத்தாள்.

இவர் தினமும் பேசுகிறார். பருப்பு சரியாக வருகிறதாம். மழையாம். இங்கே வாங்கோ என்று நான் சொல்லவில்லை. சொல்லி அந்த மனுசனைத் தம்பிக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தமாட்டேன்.

ஜனவரி 6, 2025

படலையடியில் ஓட்டோச் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர். நோர்வே மழைச்சட்டையை இந்த வெயிலில் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"பாத்திட்டுப் போகலாமெண்டு வந்தனான். சுற்றுலா விசா. ஒரு மாதம்" என்றார்.

"அப்ப உங்கட கொள்கை?"

"வெளிநாட்டுக்காரனாத்தான் வந்தனான். அதாலை கொள்கைக்கு ஒண்டுமில்லை."

பவளம் அவரைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. அதுவே பெரிய மரியாதை.

ஜனவரி 29

இவர் கிணற்றுக் கப்பியைத் திருத்தினார். கோழிக்கூட்டுக்குக் கதவு போட்டார். இரண்டு பின்னேரம், ஞானத்தைப் பிடித்த சந்தி வரை நடந்து போய் நின்றுவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை. கேட்கவும் இல்லை.

விசா அடுத்த கிழமை முடிகிறது. பெட்டியை இன்னும் எடுக்கவில்லை. நான் நினைவூட்டவில்லை. நினைவூட்டினால் போய்விடுவார்.

பெப்ரவரி 1

இரவு சாப்பிட்ட கையோடு, ஈரக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தார்.

"இந்த நாட்டுக்காரியின்ர புருசன் எண்டு சொன்னால் விசா குடுக்கினமாம். வருசம் வருசமாப் புதுப்பிக்கலாமாம். மனுசி கேட்டுக் கடிதம் எழுத வேணும்."

கேட்கவேண்டும் என்று இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அவங்களிட்டை ஒண்டும் கேக்க மாட்டன் எண்டீங்கள்."

"அவங்களிட்டை நான் கேக்கேல்லையே. உம்மிட்டையெல்லோ கேக்கிறன்."

இந்த மனுசன் என்னிடம் ஒன்றை வாய்விட்டுக் கேட்பது நாற்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. கலியாணத்தைக்கூட இவருடைய மாமாதான் வந்து கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. தாளை எடுத்தேன்.

குகதாசன் என்கிற இவர் எனது கணவர் என்று எழுதினேன். அடுத்த வரி கொஞ்சம் மறித்தது. தூதரகத்தில் பெரிய பெரிய வசனமெல்லாம் தடுக்காமல் சொன்னவள் நான். அது அவர்கள் எழுதித் தந்தது. இது நானாக எழுத வேண்டியது. எழுதினேன்: இவரை எனது நாட்டில் என்னோடு வாழ அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்ல வாசித்தார். 'எனது நாட்டில்' என்ற இடத்தில் விரல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு விரல் கீழே இறங்கியது.

"பிறந்த திகதி பிழை. பதினேழு. பதினாறில்லை" என்றார்.

திருத்தினேன். வேறு ஓர் இடத்திலும் அவர் கை வைக்கவில்லை.